ஊசி இறங்கினா சந்தோஷப்படாதீங்க!

இந்த வாரம் நாலு சக்கர மேட்டர். அதுவும் என்னோட சொந்த சொதப்பல்.

நண்பனோட அக்காவுக்கு விழுப்புரத்துல கல்யாணம். அப்பாவோட பதினாலு வயசு காரை கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, நாலு பேர் கிளம்பினோம். அந்த வண்டிக்கு ஒரு வியாதி இருக்குன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். ரெண்டு வாரமா கூலன்ட் டப்பாவுல லெவல் குறைஞ்சுக்கிட்டே வந்தது. நானும் தினம் ஒரு சொம்பு பைப்புத் தண்ணியை ஊத்திட்டு கமுக்கமா இருந்தேன். அப்பாகிட்ட சொன்னா சாவி கிடைக்காதே!

செங்கல்பட்டு தாண்டினதும் டெம்பரேச்சர் ஊசி சிவப்புக் கோட்டைத் தொட்டது. "ஓரங்கட்டுடா"ன்னான் ஒருத்தன். "முகூர்த்தம் போயிடும்டா"ன்னான் இன்னொருத்தன். நான் ரெண்டாவது ஆள் பேச்சைக் கேட்டேன். ஆச்சரியம்... கொஞ்ச நேரத்துல ஊசி தானா கீழே இறங்கிடுச்சு! "பாத்தியா, காத்து பட்டதும் கூலாயிடுச்சு"ன்னு அப்ப நான் விட்ட டயலாக்கை இப்பவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுங்க.

நடந்தது என்ன தெரியுமா? அந்த ஊசிக்குத் தகவல் கொடுக்கிற சென்சார் கூலன்ட்டுக்குள்ள மூழ்கி இருக்கணும். கூலன்ட் காலியாயிட்டா அது வெறும் காத்துல நிக்கும், சூட்டைக் குறைச்சுக் காட்டிடும். ஊசி இறங்குது, உள்ளே இன்ஜின் வேகுது! அடுத்த சில கிலோமீட்டர்லயே இழுவை போய், கடகடன்னு சத்தம் வந்து, வண்டி நின்னுடுச்சு. ஹெட் கேஸ்கட் அவுட். சிலிண்டர் ஹெட்டும் லேசா வளைஞ்சிருந்தது. கல்யாணத்துக்கு பஸ்ல தொங்கிட்டுப் போய்ச் சேர்ந்தப்போ பந்தியே முடிஞ்சிருச்சு.

சரி, ஒழுகல் எங்கே? அங்கதான் ட்விஸ்ட். வண்டிக்கு அடியில நான் பார்த்த ஈரம் கூலன்ட்டே இல்லை, ஏ.சி. தண்ணி! நிறமும் வாசனையும் இல்லாம, பிசுபிசுப்பும் இல்லாம இருந்தா அது ஏ.சி. தண்ணி, பயப்பட வேண்டாம். கூலன்ட்டுக்கு பச்சை, சிவப்பு, நீலம்னு ஏதாவது சாயம் இருக்கும். விரல்ல வழவழன்னு ஒட்டும். ராத்திரி இன்ஜினுக்கு அடியில பழைய பேப்பரை விரிச்சு வைங்க. காலையில கறை எந்த இடத்துலன்னு பார்த்தா பாதி வேலை முடிஞ்சுது.

ஆனா என் வண்டியில பேப்பரும் காய்ஞ்சுதான் கிடந்திருக்கும். இன்ஜின்ல இருந்து ரேடியேட்டருக்குப் போற மேல் ரப்பர் ஹோஸ்ல, கிளிப்புக்கு அடியில ஒரு மயிரிழை வெடிப்பு. இன்ஜின் சூடாகி அழுத்தம் ஏறினாதான் அது வாயைத் திறக்கும். வர்ற துளியும் சூட்டுல உடனே ஆவியாயிடும். மிச்சம் இருந்தது வெளிறின உப்புப் படிவம் மாதிரி ஒரு கோடு மட்டும். ஹோஸை ஒருதடவை அமுக்கிப் பார்த்திருந்தாலே போதும், ஊறின பன்னு மாதிரி இருந்தது.

மெக்கானிக் அண்ணன் கண்டுபிடிச்ச விதம் சூப்பர். இன்ஜின் ஆறின பிறகு ரேடியேட்டர் மூடிக்குப் பதிலா ஒரு கைப்பம்ப்பை மாட்டினார். மூடியில போட்டிருக்கிற அழுத்தம் வரைக்கும், என் வண்டிக்கு சுமார் 1 பார், அடிச்சார். முள் மெல்ல இறங்க, வெடிப்புல இருந்து முத்து முத்தா தண்ணி. அவ்ளோதான்! ஹோஸ்ல இல்லைன்னா ரேடியேட்டர் ஓரங்கள், வாட்டர் பம்ப் அடியில இருக்கிற சின்ன ஓட்டைன்னு தேடணுமாம். காருக்குள்ள இனிப்பு வாசனை அடிச்சு, முன் சீட்டு மிதியடி ஈரமானா ஹீட்டர் பக்கம் ஒழுகல். வெளியே எங்கேயும் ஈரமே இல்லாம லெவல் மட்டும் குறைஞ்சு, புகை வெள்ளையா வந்தா... இன்ஜினே கூலன்ட்டைக் குடிக்குதுன்னு அர்த்தம்.

அந்த மூடி பத்தி ஒரு வார்த்தை. அது அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிறதாலதான் உள்ள இருக்கிற கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு. சூடா இருக்கும்போது நீங்க திறந்தீங்கன்னா அடுத்த நொடியே கொதிச்சு முகத்துல அடிக்கும். துணி சுத்தித் திறக்கிற வீரம் எல்லாம் வேண்டாம் பாஸ். ஊசி ஏறினா ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சுட்டு அரை மணி நேரமாவது காத்திருங்க. டிராஃபிக்ல நிறுத்தவே முடியலையா? ஏ.சி.யை ஆஃப் பண்ணி, ஹீட்டரை ஃபுல்லா வைங்க. மே மாசத்துல நரகம்தான், ஆனா இன்ஜின் சூட்டுல கொஞ்சம் உங்க மேல இறங்கும்!

ரேடியேட்டர்ல மஞ்சள் தூள் போட்டா ஒழுகல் அடைக்கும்னு லாரிக்கார அண்ணன்கள் சொல்வாங்க. அடைக்கலாம்தான். கூடவே ரேடியேட்டரோட மெல்லிய குழாய்களையும் அடைச்சா?

ஹோஸ் மாத்துறது அப்படி ஒண்ணும் ராக்கெட் விஷயம் இல்லை. ஆறின வண்டியில கூலன்ட்டை வடிச்சு, கிளிப்பைத் தளர்த்தி, புது ஹோஸ், கூடவே புது கிளிப். அடர் கூலன்ட்டா இருந்தா டிஸ்டில்டு வாட்டரோட பாதிக்குப் பாதி கலந்து மெதுவா ஊத்தணும். பைப்புத் தண்ணி வேண்டாம், உப்புப் படியும். அப்புறம் ஹீட்டரைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டு, உள்ள மாட்டின காத்தை வெளியேத்தணும். மறுநாள் ஆறினதும் லெவலை மறுபடி பாருங்க. வடிச்ச கூலன்ட்டைத் தெருவுல கொட்டிடாதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும்.

ஹோஸுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய். ஹெட்டைக் கழட்டி, லேத்துல கொடுத்துச் சமப்படுத்தி, புது கேஸ்கட் போட்டதுக்கு அஞ்சு இலக்கம். பில்லைப் பார்த்துட்டு அப்பா திட்டவே இல்லை. "ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னு மட்டும் கேட்டார். தலையாட்டினேன். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது.

வண்டி இப்ப நல்லா ஓடுது. சாவி எங்கேன்னு கேக்கறீங்களா? அம்மாவோட பீரோவுல!