கைப்பேசியில் தமிழ் எழுத்து

ஜொகூர் பாருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுள் புலனக் குழு இல்லாத குடும்பம் இன்று அரிது. தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளைகள் வரை அனைவரும் அக்குழுவில் இருப்பர். சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்ற மகன், கடற்பாலத்தில் நெரிசல் என்றும் வீடு திரும்ப நேரமாகும் என்றும் செய்தி அனுப்புவான். குளுவாங்கில் இருக்கும் அத்தை திருமண அழைப்பிதழை அனுப்புவார். பிறந்தநாள் வாழ்த்து, திருவிழா வாழ்த்து, இரங்கல் செய்தி என எல்லாமே அதன்வழிதான் வந்து சேர்கின்றன. அந்தச் செய்திகளின் மொழி பெரும்பாலும் தமிழே. ஆனால், எழுத்து தமிழ் எழுத்தன்று. இளையோர் பலர் தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதியே அனுப்புகின்றனர்.

"செய்தி புரிந்தால் போதாதா? எந்த எழுத்தில் எழுதினால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வி நியாயமானதாகத் தோன்றினாலும், அச்செய்தி எல்லாருக்கும் புரிகிறதா என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரெங்கம், லாயாங் லாயாங், உலு திராம் போன்ற இடங்களைச் சுற்றியிருந்த இரப்பர், செம்பனைத் தோட்டங்களில் வளர்ந்த மூத்தோர் பலர், தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை மட்டுமே பயின்றவர்கள். அவர்களால் தமிழ் நாளிதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க முடியும். ஆயினும், பேரன் உரோமன் எழுத்தில் அனுப்பும் இரண்டு வரித் தமிழ்ச் செய்தியைப் படிக்க அவர்கள் திணறுகின்றனர். உரோமன் எழுத்தில் மலாய்ச் சொற்களைப் படித்துப் பழகியவர்களும் அதே எழுத்தில் தமிழைக் காணும்போது தடுமாறுகின்றனர். அதனால், குழுவில் இருந்தும் அவர்கள் உரையாடலில் இல்லை. பிறர் அனுப்பும் படங்களைப் பார்ப்பதும் குரல்பதிவுகளைக் கேட்பதுமே அவர்கள் பங்காகிவிடுகிறது. குடும்பத்தில் நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்ச் செய்தியைப் படிக்க இயலாமல் ஒதுங்கி நிற்பது வருந்தத்தக்கது அன்றோ?

பொருள் மயக்கம் மற்றொரு குறையாகும். 'வி, ஏ, எல், ஐ' என்னும் நான்கு உரோமன் எழுத்துகளைச் சேர்த்து எழுதினால் அது 'வலி'யா, 'வழி'யா, 'வளி'யா? பள்ளிக்கும் பல்லிக்கும் ஒரே வடிவம். மனத்திற்கும் மணத்திற்கும் ஒரே வடிவம். படமும் பாடமும் பாதமும்கூடச் சில வேளைகளில் ஒன்றாகிவிடுகின்றன. குறிலுக்கும் நெடிலுக்கும், லகர ளகர ழகரங்களுக்கும், னகர ணகரங்களுக்கும் வேறுபாடு காட்டுவது தமிழ் எழுத்தின் சிறப்பு. அவ்வேறுபாடுகளை நாள்தோறும் கைவிட்டு எழுதுபவர், கட்டுரை எழுத அமரும்போது எந்த லகரத்தை இடுவது என்று தயங்குவதில் வியப்பில்லை.

"மலாய் மொழி உரோமன் எழுத்தில் சிறப்பாக வளரவில்லையா?" என்பது அடுத்த வினா. இது சிந்திக்க வேண்டிய வினாவே. ஒரு காலத்தில் மலாய் மொழி ஜாவி எழுத்தில் பரவலாக எழுதப்பட்டது. ஜொகூர் மாநிலச் சின்னத்தில் உள்ள வாசகம் இன்றும் ஜாவி எழுத்திலேயே உள்ளது. இன்று பாடநூல், நாளிதழ், அலுவலகக் கடிதம் அனைத்திலும் உரோமன் எழுத்தே வழங்குகிறது. ஆனால், அம்மாற்றம் ஒழுங்கோடு நடந்தது. எச்சொல்லை எவ்வாறு எழுத வேண்டும் என்பதற்கு விதிகள் வகுக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான எழுத்துக்கூட்டல் முறையை அறிவித்தன. பள்ளிகளில் அம்முறை கற்பிக்கப்படுகிறது. கைப்பேசியில் எழுதப்படும் உரோமன் தமிழுக்கு அத்தகைய விதி எதுவும் இல்லை. ஒரே சொல்லை அண்ணன் ஒரு விதமாகவும் தங்கை வேறு விதமாகவும் எழுதுவர். அதற்கு அகராதி இல்லை. பிழை எது, சரி எது என்று சொல்வாரும் இல்லை. ஆகவே, இவ்விரண்டையும் ஒன்றாகக் கருத இயலாது.

தமிழில் தட்டச்சு செய்வது கடினம் என்பதே பலரும் கூறும் காரணம். முற்காலத்தில் இது உண்மையே. அக்கடினத்தைத் தீர்க்க முயன்றவர்களுள் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையவர்களும் இருந்தனர் என்பது பெருமைக்குரியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றிய இரா. முத்தையா, தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். நூற்றுக்கணக்கான எழுத்து வடிவங்களை ஒரு சிறு பொறியின் விசைகளுக்குள் அடக்குவது எளிய செயலன்று. கணினி வந்தபின், மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் 'முரசு அஞ்சல்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். அவரது 'செல்லினம்' 2005ஆம் ஆண்டு பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. ஆங்கிலக் குறுஞ்செய்தி மட்டுமே பழகியிருந்த கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப அது வழிவகுத்தது.

இன்றோ அக்கடினம் பெரிதும் நீங்கிவிட்டது. ஐபோனில் 'அஞ்சல்', 'தமிழ் 99' ஆகிய இரு விசைப்பலகைகளும் உள்ளன. ஆண்டிராய்டு கைப்பேசிகளிலும் தமிழ் விசைப்பலகையை எளிதில் சேர்த்துக்கொள்ளலாம். இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அஞ்சல் விசைப்பலகை ஒலியை அடிப்படையாகக் கொண்டது. 'அம்மா' என்பதற்கு உரிய உரோமன் எழுத்துகளைத் தட்டினால் திரையில் தமிழில் 'அம்மா' என்றே தோன்றும். ழகரத்திற்கு 'இசட்', ளகரத்திற்குப் பெரிய 'எல்' என்பன போன்ற சில விசைகளைப் பழகினால் போதும். அதாவது, உரோமன் எழுத்தில் தமிழ் எழுதுபவர் தமிழ்த் தட்டச்சின் பாதியை முன்பே கற்றுவிட்டார். விரல்களின் உழைப்பும் ஏறக்குறைய ஒன்றே. தட்டச்சு செய்ய விரும்பாதவர் தமிழில் பேசினால் அதை எழுத்தாக மாற்றித் தரும் வசதியும் உண்டு. இத்தனை இருந்தும் உரோமன் எழுத்தையே நாடுவது, கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது போன்றதாகும்.

எனினும், உரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவோர் அனைவரையும் குறை கூறுவது முறையன்று. தேசியப் பள்ளியில் பயின்று, தமிழ் எழுதப் படிக்கக் கற்கும் வாய்ப்பைப் பெறாதவர்கள் பலர் உள்ளனர். அவர்கள் தமிழில் பேசவும் விரும்புகிறார்கள். செய்தி அனுப்பவும் விரும்புகிறார்கள். அவர்களுக்கு உரோமன் எழுத்து ஒரு பாலம். அப்பாலத்தை உடைத்தால் அவர்கள் ஆங்கிலத்திற்கோ மலாய்க்கோ முற்றாக மாறிவிடக்கூடும். தமிழ் எழுத்தை நன்கு அறிந்தவர்களின் நிலை அத்தகையதன்று. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பயின்று, இடைநிலைப்பள்ளியிலும் தமிழைத் தொடர்ந்து படிக்கும் மாணவர், வகுப்பறைக்கு வெளியே ஒரு வரிகூடத் தமிழ் எழுத்தில் எழுதுவதில்லை என்றால், அவ்வெழுத்து அவருக்குத் தேர்வு எழுத்தாக மட்டுமே சுருங்கிவிடும். எஸ்.பி.எம். தேர்வு முடிந்ததும் அதைப் பயன்படுத்த வேண்டிய தேவையும் முடிந்துவிடும். மொழி நாவில் வாழ்ந்தாலும், அதன் எழுத்து அன்றாட வாழ்விலிருந்து மெல்ல விலகிவிடும். நாளிதழும் நூலும் வாங்கிப் படிக்கும் பழக்கமும் அதனோடு குறைந்துபோகும்.

இதற்குத் தீர்வு மாணவர்களின் கையிலேயே உள்ளது. முதலில், கைப்பேசியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று தமிழ் விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் வேகம் குறைவாகவே இருக்கும். தொடர்ந்து எழுதினால் விரல்கள் பழகிவிடும். தமிழ் வகுப்புக்கான புலனக் குழுவில் தமிழ் எழுத்தையே பயன்படுத்துவதென நண்பர்கள் தங்களுக்குள் முடிவு செய்யலாம். தமிழ்மொழிக் கழகத்தின் அறிவிப்புகளையும் வாழ்த்துகளையும் தமிழிலேயே தட்டச்சு செய்யலாம். பிழை நேர்ந்தால் கேலி செய்யாமல் திருத்திக்கொள்ள உதவலாம். தமிழ் எழுதத் தெரியாத நண்பருக்குத் தமிழ் எழுத்தோடு உரோமன் எழுத்தையும் சேர்த்து அனுப்பினால், நாளடைவில் அவரும் எழுத்துகளை இனங்காணத் தொடங்குவார். வீட்டில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த மூத்தோருக்கு எழுதும் செய்தியையாவது தமிழ் எழுத்தில் எழுதுவதை மாணவர்கள் தங்கள் கடமையாகக் கொள்ளலாம்.

தட்டச்சுப் பொறியையும் மென்பொருளையும் உருவாக்கியவர்கள் பல ஆண்டுகள் உழைத்துத் தங்கள் பங்கைச் செய்துவிட்டனர். அக்கருவி இன்று ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவது இளைய தலைமுறையின் பங்கு.