பிளஸ் ஒன் பாடம் பாழாகக் கூடாது

பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கைவிடுவதாக 2025 ஆகஸ்டில் வெளியான தமிழ்நாடு மாநிலக் கல்விக் கொள்கை அறிவித்தது. பதினைந்து முதல் பதினேழு வயதுக்குள் அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வுகள் என்ற சுமை குறைவது நல்லதே. ஆனால், 2017-18இல் அத்தேர்வு ஏன் கொண்டுவரப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. தனியார் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் புத்தகம் பிரிக்கப்படாமலேயே கிடந்தது. இரண்டு ஆண்டுகளும் பிளஸ் டூ பாடமே மனப்பாடம் ஆனது.

பொறியியல் கட்-ஆஃப் பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டுமே பார்க்கிறது. அதனால் பிளஸ் ஒன் பாடத்தைப் படிக்காமலேயே 200-ஐ எட்டிப்பிடிக்கும் மாணவரும் கல்லூரியின் முதல் பருவக் கணிதத்தில் தடுமாறுகிறார். எல்லை, வகையிடல், தொகையிடல் ஆகியவற்றின் அடிப்படை பிளஸ் ஒன் கணிதத்தில்தானே இருக்கிறது! நீட் தேர்வோ இரு ஆண்டுப் பாடங்களிலிருந்தும் கேட்கிறது. விட்டுப்போனதைப் பயிற்சி மையத்தில் பணம் கட்டிப் படிக்க வசதியுள்ளவர் தப்பித்துக்கொள்வார். அரசுப் பள்ளி மாணவர் எங்கே போவார்?

தேர்வு போகட்டும், பாடம் போகக் கூடாது. பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வுக்கு மாநில அளவில் பொது வினாத்தாள் வேண்டும். பிளஸ் டூ வினாத்தாளிலும் முந்தைய ஆண்டின் அடிப்படைகளைச் சோதிக்கும் கேள்விகள் இடம்பெற வேண்டும். பள்ளி ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள் பிளஸ் ஒன் வகுப்பறைக்குள்ளும் நுழைந்து, மாணவரின் கணித நோட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பள்ளி தரும் சான்றிதழ் கல்லூரி வாசலோடு நின்றுவிடாமல், வகுப்பறைக்குள்ளும் மாணவருக்குக் கைகொடுக்க வேண்டும்.