கப் மூணு, கேட் பூட்டு!

எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் போன வாரம் ஒரு சந்தேகம் கேட்டேன்.

''ஒரு பைக். 500 சி.சி. ஒரே கியர். பிரேக் கிடையாது. முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை. ஓட்டுவீங்களா?''

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். ''பிரேக் போயிடுச்சா சார்? ஷூ மாத்திடலாம்.''

''போகலை. கம்பெனியிலேயே வைக்கலை.''

''அப்ப வண்டியை மாத்துங்க'' என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கக் குனிந்துவிட்டார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஸ்பீட்வே பைக்கைப் பற்றி முதல் தடவை கேட்கிற யாரும் அப்படித்தான் சொல்வார்கள். பிரிட்டனில் 1928-லிருந்து இந்த வண்டியை வைத்துக்கொண்டு சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பந்தயம் விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பழக்கம்.

ஆட்டம் சுலபம். முட்டை வடிவத்தில் ஒரு மண் தடம், சுற்றளவு சுமார் 300 மீட்டர். ஒரு ரேஸுக்கு நாலு பேர். அணிக்கு இரண்டு பேர். நாலு ரவுண்டு, எல்லாம் இடப்பக்கமாகவே. நாயர் ஒரு டீ ஆற்றிக் கொடுப்பதற்குள், ஒரே நிமிஷத்தில், முடிந்துவிடும்.

பிரேக் ஏன் இல்லை? முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற மூன்று பேரும் அவன் முதுகில் ஏறுவார்கள். அண்ணா சாலையில் தினமும் காலை ஒன்பது மணிக்கு நிரூபணமாகும் உண்மை. அதனால் யாருக்குமே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்கள். வளைவு வந்தால்? பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, இடது பக்கம் போவதற்கு ஹாண்டில்பாரை வலது பக்கம் திருப்ப வேண்டும். (சொன்னால் புரியாது. பார்த்தாலும் நம்பிக்கை வராது.) இடது காலில் இரும்புத் தகடு போட்ட ஷூ. அதை மண்ணில் தேய்த்துக்கொண்டே திரும்புவார்கள்.

வண்டிக்கு ஊற்றுவது மெத்தனால். நம்மூர்ப் பேப்பரில் சாராயச் சாவுச் செய்திகளில் வருமே, அதேதான். குறைந்தபட்ச எடை 77 கிலோ. நம்ம புல்லட்டில் பாதிகூட இல்லை. எஞ்சின் இத்தாலிய ஜி.எம். அல்லது செக் நாட்டு ஜாவா. ஆமாம், நம்ம ஜாவா! மைசூரில் ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்படும் வரை தயாரித்த வண்டிகளுக்குப் பெரியப்பா முறை. ''ஜாவாவா?'' என்று மெக்கானிக் இப்போது தலை தூக்கினார். அவர் கடை மூலையில் ஒரு பழைய யெஸ்டி சாக்கு போர்த்தி நிற்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

விளையாட்டை விட எனக்குப் பிடித்தது அதன் கணக்கு. பி.காம். படித்தவன் புத்தி வேறெங்கே போகும்?

முதலில் வந்தவனுக்கு 3 பாயின்ட், அடுத்தவனுக்கு 2, அதற்கடுத்து 1, கடைசிக்கு முட்டை. ஒரு மாட்ச்சுக்கு 15 ரேஸ். ஆக மொத்தம் 90 பாயின்ட். 46 எடுத்தவன் ஜெயித்தான். பார்க்க வருகிற கூட்டம் அட்டையும் பேனாவும் எடுத்துக்கொண்டு வரும். நுழைவாயிலில் விற்கிற புரோகிராம் புத்தகத்தில் கட்டம் போட்டிருக்கும். ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் யாருக்கு எத்தனை என்று எழுதி, கூட்டி, சரிபார்த்துக்கொள்வார்கள். வாரம் பூரா ஆபீசில் லெட்ஜர் எழுதிவிட்டு, லீவு நாளில் காசு கொடுத்து டிக்கெட் வாங்கி மறுபடி லெட்ஜர் எழுதுகிற ஜனங்கள்! வளைவில் நின்றால் பேஜ் மேல் மண் வேறு தெறிக்கும். தட்டிவிட்டு எழுதுவார்கள்.

அதிலும் போனஸ் பாயின்ட் என்று ஒன்று உண்டு பாருங்கள், அபாரம். உங்கள் கூட்டாளி முதலில் வருகிறான். அவன் பின்னாலேயே நீங்கள். எதிரணி அதற்குப் பின்னால். உங்களுக்கு 2 பாயின்ட், கூடவே ஒரு போனஸ். இந்த போனஸ் அணியின் ஸ்கோரில் சேராது. ஆனால் உங்கள் சம்பளத்தில் சேரும். கூட்டாளியை முந்த ஆசைப்பட்டு இரண்டு பேரும் இடித்துக்கொண்டு விழக்கூடாதே, அதற்காக. சக ஊழியனின் காலை வாராமல் இருந்ததற்குக் காசு! நம் ஆபீஸ்களில் இந்தத் திட்டம் வந்தால் முதல் மாசம் ஒருத்தருக்கும் போனஸ் கிடைக்காது.

உலக சாம்பியன்கள் ஓட்டும் மேல்தட்டு போட்டிகளை விடுங்கள். நான் சொல்ல வந்தது பிரிட்டனின் இரண்டாம் அடுக்கு லீக். 1968-ல் 'டிவிஷன் டூ', 1975-ல் 'நேஷனல் லீக்', 1997-ல் 'பிரீமியர் லீக்', 2017-லிருந்து 'சாம்பியன்ஷிப்'. பெயர் மாற்றுவதில் நம்ம போக்குவரத்துக் கழகங்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. பஸ் என்னவோ அதே பஸ்தான். கிளாஸ்கோ புலிகள், ரெட்கார் கரடிகள், ஸ்கன்தார்ப் தேள்கள், பெர்விக் கொள்ளைக்காரர்கள் என்று அணிகளுக்குப் பெயர் மட்டும் பயங்கரமாக இருக்கும். வண்டியை விட்டு இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினால் சாதாரணப் பையன்கள். பலருக்குப் பகலில் வேறு வேலை உண்டு.

ஏனென்றால் இந்த உத்தியோகத்தில் மாசச் சம்பளம் என்று உட்கார முடியாது. எடுக்கிற பாயின்ட்டுக்குத்தான் காசு. வண்டி, எஞ்சின், டயர், வேன், பெட்ரோல் எல்லாம் ஓட்டுகிறவன் செலவு. நாலு ரேஸில் நாலு முட்டை வாங்கினால் கைக்காசு போட்டு வந்து, மண் தின்றுவிட்டுப் போனதாக அர்த்தம். விழுந்து எலும்பு முறிந்தால் பாயின்ட் இல்லை. பாயின்ட் இல்லையென்றால் காசு இல்லை. ஆனாலும் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். போய்ச் சேர்ந்தால் மழை. மாட்ச் ரத்து. திரும்பி வா.

ஒருவன் காயம்பட்டால் அணி என்ன செய்யும்? வேறு அணியிலிருந்து ஒரு ஆளை அன்றைக்கு மட்டும் கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம். 'கெஸ்ட்' என்று பெயர். நேற்று உங்களைத் தோற்கடித்தவன் இன்றைக்கு உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓட்டுவான். அடுத்த வாரம் மறுபடி எதிரி. பக்கத்து வீட்டில் காப்பிப்பொடி கடன் வாங்குகிற மாதிரி, யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு விதி இருக்கிறது. இதுதான் விஷயத்தின் முள். ஒவ்வொருவனுக்கும் ஒரு சராசரி உண்டு. எடுத்த பாயின்ட்டையும் போனஸையும் கூட்டி, ஓட்டிய ரேஸ்களால் வகுத்து, நாலால் பெருக்கு. அடுத்த சீசனுக்கு அணி சேர்க்கும்போது ஏழு பேரின் சராசரியும் சேர்ந்து ஒரு வரம்பைத் தாண்டக்கூடாது. நல்ல எண்ணம்தான், பணக்கார அணி எல்லாரையும் வாரிக்கொண்டு போகக்கூடாது என்று. ஆனால் விளைவு என்ன? ஜெயித்த அணியில் எல்லார் சராசரியும் ஏறியிருக்கும். வரம்புக்குள் அடங்காது. ஆகவே ஜெயித்ததற்குப் பரிசு, அணியைக் கலை. நன்றாக வேலை செய்தாய், இன்க்ரிமென்ட் ஏறிவிட்டது, எனவே உன்னை வைத்துக்கொள்ள முடியவில்லை. எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை?

இப்போது ஒர்க்கிங்டன் கதை.

இங்கிலாந்தின் வடமேற்கு ஓரத்தில் கும்ப்ரியாவில், கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஊர் ஒர்க்கிங்டன். ஜனத்தொகை சுமார் 25 ஆயிரம். ஒரு காலத்தில் நிலக்கரி, இரும்பு. அங்கே உருக்கி வார்த்த தண்டவாளங்கள் மேல் உலகம் பூரா ரயில் ஓடியிருக்கிறது. 2006-ல் தண்டவாளத் தயாரிப்பு நின்றுபோனது. அப்படிப்பட்ட ஊரில் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மிச்சமிருந்தது டெர்வன்ட் பார்க் மைதானமும் அதில் ஓடிய ஒர்க்கிங்டன் காமெட்ஸும். காமெட் என்றால் வால்நட்சத்திரம். 1970-ல் ஆரம்பித்து, 1981-ல் மூடி, 1999-ல் மறுபடி திறந்த அணி.

1999-ல் அதே கும்ப்ரியாவில் ஒரு பையனும் பிறந்தான். டான் பியூலி. டீன் ஏஜில் காமெட்ஸுக்கு ஓட்ட ஆரம்பித்தான். உள்ளூர்ப் பையன் ஜெயித்தால் கட்டத்தில் '3' எழுதுகிற பேனா கொஞ்சம் அழுத்தமாகத்தானே எழுதும்?

வந்தது 2018 சீசன். பாதியில் பியூலி மோசமாக விழுந்தான். பலத்த எலும்பு முறிவு. அவனுக்கு சீசன் முடிந்தது. இந்த மாதிரி இடத்தில் ஒரு அணி சாய்ந்துவிடும். இவர்கள் சாயவில்லை. நாக்-அவுட் கப்பை ஜெயித்தார்கள். சாம்பியன்ஷிப் ஷீல்டை ஜெயித்தார்கள். கடைசியில் லீக் பட்டத்தையும் ஜெயித்தார்கள். ஊருக்கு முதல் லீக் பட்டம். மூன்று கப்பும் ஒரே வருடத்தில், ஒரே அலமாரியில்.

2019 சீசன் பட்டியல் வெளிவந்தது. ஒர்க்கிங்டன் பெயரைக் காணோம்.

அச்சுப் பிழை இல்லை சார். மூன்று கப் வாங்கிய அணி அடுத்த வருடம் ஓடவில்லை. கேட் பூட்டு.

லீக் ஃபைனலில் அவர்களிடம் தோற்ற லேக்சைட் ஹாமர்ஸ் கதை இன்னும் பரிதாபம். எஸ்ஸெக்ஸில் அவர்கள் மைதானத்தில் வீடு கட்டப்போகிறார்கள் என்று சீசன் முடிவதற்குள் இடத்தைக் காலி பண்ண வேண்டியதாயிற்று. வேறொரு மைதானத்தில் ஒண்டிக்கொண்டு ஃபைனல் வரை வந்தார்கள். அவர்களும் அடுத்த வருடம் இல்லை. யோசித்துப் பாருங்கள். ஜெயித்தவனும் இல்லை, தோற்றவனும் இல்லை. ஒரு பட்டத்துக்காக உயிரைக் கொடுத்து மோதிய இரண்டு அணிகளும், அடுத்த மார்ச்சில் டேப் தூக்கும்போது ஊரிலேயே இல்லை.

நமக்குச் சின்ன வயசிலிருந்து ஒரு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: நன்றாகச் செய், நிலைப்பாய். இரண்டாம் அடுக்கு ஸ்பீட்வேயில் இந்தப் பாடம் செல்லாது. அங்கே கப் என்பது சொத்துப் பட்டியலில் வராது. அன்றைக்கு டிக்கெட் கவுன்ட்டரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதுதான் வரவு. ஆம்புலன்ஸ், வாடகை, இன்ஷூரன்ஸ், பாயின்ட்டுக்கான காசு எல்லாம் செலவு. இதில் வேடிக்கை, அணி நன்றாக ஓட்டினால் பாயின்ட் அதிகம்; பாயின்ட் அதிகமானால் பட்டுவாடா அதிகம். வரவு பக்கம் கூட்டம் கூடாவிட்டால், ஜெயிக்க ஜெயிக்கக் கையைக் கடிக்கும். நான் படித்த எந்த அக்கவுன்ட்டன்ஸி புத்தகத்திலும் இப்படி ஒரு கணக்கு இல்லை. பிறகும் இதே கதைதான். 2021-ல் ஈஸ்ட்போர்ன், 2022-ல் நியூகாஸில் இரண்டும் சீசன் நடுவிலேயே விலகிக்கொண்டன.

அப்படியானால் 2018 வீணா?

பியூலி எழுந்து வந்தான். 2021 அக்டோபரில் மான்செஸ்டரில் 'ஸ்பீட்வே ஆஃப் நேஷன்ஸ்' ஜெயித்த பிரிட்டன் அணியில் அவன் ஒருவன். அந்த நாட்டுக்கு 32 வருடம் கழித்துக் கிடைத்த உலக அணிப் பட்டம். 2022-ல் கார்டிஃப் மைதானத்தில், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால், பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயையும் ஜெயித்தான். அவனுக்கு வழுக்கி வழுக்கித் திரும்பக் கற்றுக் கொடுத்த மண்ணில் ஒன்று, கணக்கில் நிற்காமல் மூடிய அந்த டெர்வன்ட் பார்க். இதை எந்த ஆடிட்டர் எந்தத் தலைப்பில் எழுதுவார்?

வால்நட்சத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. போய்த் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது திரும்பி வரும். 2023-ல் காமெட்ஸ் வந்தார்கள். அதே ஊர், வேறு மைதானம். மூன்றாவது அடுக்கில், அடிமட்டத்திலிருந்து. பிறகு இரண்டாம் அடுக்குக்கும் ஏறினார்கள். மறுபடி புரோகிராம் புத்தகம், மறுபடி கட்டம், மறுபடி பேனா.

இதையெல்லாம் மெக்கானிக்கிடம் சொல்லி முடித்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: ''லாபம் வராதுன்னு தெரிஞ்சும் எதுக்கு சார் திரும்பத் திறக்கிறாங்க?''

நான் மூலையில் சாக்கு போர்த்தி நின்ற யெஸ்டியைப் பார்த்தேன். பார்ட்ஸ் கிடைக்காமல் பத்து வருஷமாக நிற்கிறது. வாரம் ஒரு தடவை உதைத்து ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பார். நல்ல விலைக்குக் கேட்டவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

''அதை வித்துட வேண்டியதுதானே?'' என்றேன்.

''அது எப்படி சார்...'' என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டார்.