தைப்பது டாக்டர், ஒட்ட வைப்பது இரத்தம்!

வேட்டியில் போட்ட தையல் விட்டால் மறுபடி தைத்துக் கொள்ளலாம். குடலில் போட்ட தையல் விட்டால் உயிருக்கே ஆபத்து.

குடலில் புற்றுநோயோ அடைப்போ வந்தால், கெட்ட பகுதியை டாக்டர்கள் வெட்டி எடுக்கிறார்கள். மிஞ்சிய இரண்டு முனைகளையும் சேர்த்து இணைக்கிறார்கள். அந்த இணைப்பு ஆறாமல் கசிந்தால், குடலில் உள்ள அசுத்தம் வயிற்றுக்குள் பரவும். சீழ் பிடிக்கும்.

1826-ம் ஆண்டில் பிரான்சு நாட்டு டாக்டர் லம்பேர் ஒரு வழி காட்டினார். இரு முனைகளின் வெளிப்புறங்களும் ஒன்றோடொன்று ஒட்டும்படி தைத்தார். இன்றும் அந்தத் தையலுக்கு அவர் பெயர்தான்.

சைக்கிள் டியூப் சோதனை

சைக்கிள் கடையில் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள் அல்லவா? மலக்குடல் இணைப்பையும் அப்படித்தான் சோதிக்கிறார்கள். இணைப்பைச் சுற்றித் தண்ணீர் விட்டு, ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்துகிறார்கள். குமிழி வந்தால் அங்கேயே சரி செய்கிறார்கள்.

இத்தனை செய்தும் சிலருக்குத் தையல் கசிகிறது. ஏன்? தையல் சில நாள் பிடித்து வைக்கும். அவ்வளவுதான். சதையை ஒட்ட வைப்பது நல்ல இரத்த ஓட்டம். அங்கேதான் குடும்பத்தின் பொறுப்பு இருக்கிறது.

மறைக்கலாமா?

"பீடி, சிகரெட் உண்டா?" என்று டாக்டர் கேட்கிறார். "இல்லை" என்கிறார் நோயாளி. பக்கத்தில் நிற்கும் மனைவிக்கு உண்மை தெரியும். ஆனாலும் வாய் திறப்பதில்லை. இந்த மவுனம் கணவருக்குச் செய்யும் மரியாதை அல்ல. புகை இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. புண் ஆறுவதைத் தடுக்கிறது.

ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்பே புகையையும் மதுவையும் விட வேண்டும். சர்க்கரை வியாதியைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இரத்த சோகை இருந்தால் சிகிச்சை பெற வேண்டும். டாக்டர் சொல்கிறபடி முட்டை, மீன், பருப்பு என்று சத்தாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு வரும் மாத்திரைகளை எல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆனால் அவசர ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னால், இவற்றுக்காக ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

பைக்கு வெட்கம் ஏன்?

மலக்குடலில் மிகவும் கீழே போடும் இணைப்பில்தான் கசிவு அதிகம். அதனால், மலம் அந்த வழியே போகாமல் வயிற்றில் வேறு வழி வைத்து, சில காலத்துக்குப் பை மாட்டுவது உண்டு. "ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று சில குடும்பங்கள் மறுக்கின்றன. ஊரார் பேச்சு பெரிதா, உயிர் பெரிதா? புண் ஆறியதும், பெரும்பாலானவர்களுக்கு அந்த வழியை மூடி விடலாம்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. காய்ச்சல், படபடப்பு, வயிற்று உப்புசம், கூடிக்கொண்டே போகும் வலி - இவற்றில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். "விடியட்டும், பார்க்கலாம்" என்று இருக்கக் கூடாது.

தைப்பதோடு டாக்டரின் ஊசி வேலை முடிகிறது. அந்தத் தையலைக் காப்பதில் வீட்டாருக்கும் பங்கு உண்டு.