காட்டுயிர்களின் வித்தைக் காத்தல்

பஞ்சத்திலும் உழவன் விதைநெல்லைத் தொடான். வரும் ஆண்டின் விளைவெல்லாம் அவ்விதைக்கோட்டையுள் அடங்கியிருத்தலை அவன் அறிவான். அருகிவரும் காட்டு விலங்குகளின் விந்தைச் சேர்த்துக் குளிரில் உறையவைத்துக் காக்கும் முயற்சியும் இத்தகையதே. இதனை இயற்கைக்கு முரணென்று இகழ்வாரும் உளர். இஃதொன்றே போதுமென்று புகழ்வாரும் உளர். இருதிறத்தார் கூற்றும் ஆராயற்பாலன.

முதற்கண் முறையை நோக்குவோம். ஆண் விலங்கை மயக்கமருந்தால் துயிலச் செய்து, மெல்லிய மின்தூண்டலால் விந்தைப் பெறுவர். அண்மையில் இறந்த விலங்கின் விரையை ஒட்டிய நாளத்திலிருந்தும் எடுத்தல் கூடும். அணுக்களின் இயக்கத்தை நுண்ணோக்கியில் ஆய்ந்தபின், முட்டையின் மஞ்சட்கரு, கிளிசரால் முதலியன கலந்த நீர்மத்திற் சேர்த்து, நுண்குழல்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் சுழியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியஸ் குளிரில் வைப்பர். வெறுமனே உறையவைப்பின், அணுவின் நீர் பனிக்கூராகி அதனைச் சிதைத்துவிடும். கிளிசரால் இக்கேட்டினைத் தடுக்குமென்பதை 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர் கோழியின் விந்தணுவிற் கண்டு வெளியிட்டனர். ஆயினும் ஓரினத்திற்கு ஏற்ற கலவை மற்றோரினத்திற்கு ஏலாமற் போதலும் உண்டு. ஆதலின் ஒவ்வொன்றிற்கும் தனியாய்வு வேண்டும்.

நம் நாட்டில் இத்துறைக்கென ஐதராபாத்தில் ஓர் ஆய்வகம் உளது. உயிரணு மற்றும் மூலக்கூற்று உயிரியல் மையத்தைச் சார்ந்தது அது. அதன் விஞ்ஞானிகளது முயற்சியால், செயற்கைக் கருவூட்டலின் வழியே 2006-இல் ஒரு புள்ளிமான் கன்றும், 2007-இல் ஓர் இரலைக் கன்றும் பிறந்தன.

இவ்விரண்டு மான்களும் நமக்கு அயலல்ல. தியாகராய நகரினின்று சைதாப்பேட்டை வழியே அடையாற்றைக் கடப்பின் எதிர்ப்படும் கிண்டிப் பூங்காவில் இரண்டும் வாழ்கின்றன. சங்கப் பாட்டுகளில் முல்லை நிலத்திற்கு அழகு செய்யும் இரலை, இன்று மதிலும் சாலையும் சூழ்ந்த, மூன்று சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த காட்டில் அடைபட்டுள்ளது. வெளியினின்று புதிய கலை வருதற்கு வழியில்லை. உறவிற்குள்ளேயே இனம் பெருகின், தலைமுறைதோறும் வலிமை குன்றும். மானைப் பிடித்துக் கொணர்தலோ அரிது; அச்சத்தாலேயே அது உயிர்விடுதல் உண்டு. நுண்குழலுக்கு அவ்வச்சமில்லை. ஆகலின் பல்வேறு காடுகளின் இரலை வித்தையும் சேமித்துவைத்தல் நம் மாநிலத்தின் கடனென்பது என் துணிபு. கருவூட்டற்குப் பெண்மானையும் பிடித்தல் வேண்டுமே எனின், உண்மையே; காப்பகங்களில் மனிதரோடு பழகிய மான்களிடத்து இதனைத் தொடங்குதல் தகும்.

எனினும் குப்பியையே நம்பியிருத்தல் பேதைமை. வடபுல வெள்ளைக் காண்டாமிருகத்தின் கடைசி ஆணாகிய சூடான் 2018-இல் கென்யாவில் இறந்தபோது, அவ்வினத்தில் எஞ்சியவை இரு பெண்களே. ஆண்களின் விந்து முன்னரே உறையவைக்கப்பட்டிருந்தது. ஆனால் அவ்விரண்டில் ஒன்றேனும் கருவைச் சுமக்கும் நிலையில் இல்லை. வித்து இருந்தும் அதனை ஏற்கும் தாயில்லை. தாய் இருந்தும் மேயப் புல்வெளி இல்லையாயின் பயன் யாது?

விதைக்கோட்டையைப் பரணில் வைத்துவிட்டு விளைநிலத்தை விற்பவனை உழவனென்னோம். கிண்டியின் ஒரு சாண் நிலமும் குறையாது காத்தல் நம் முதற்கடன். வித்தைச் சேமித்தல் அதனையடுத்த கடன். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக்கழிப்பாரை மாணவராகிய நாம் வினவுதல் வேண்டும்.