நகையை மீட்கலாம், தவிலை?



ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி போய் வந்தவர்களுக்கு அந்தச் சத்தம் காதிலேயே நிற்கும். அர்ச்சுனா நதிக்கும் வைப்பாற்றுக்கும் நடுவில் மாரியம்மன். அக்கினிச்சட்டிக்கு ஒரு மேளம், முடி காணிக்கைக்கு வந்த குடும்பத்துக்கு ஒரு மேளம், பாதயாத்திரைக் குழுவுக்கு ஒரு மேளம். ஒன்றோடு ஒன்று மோதினாலும் அந்தக் கூட்டத்துக்கு அதுதான் அழகு.

இந்த வருஷம் ஆற்றோரம் ஒரு நையாண்டி மேளக்காரர், தவிலை மடியில் வைத்துக்கொண்டு விரல்களுக்குக் கூடு மாட்டிக்கொண்டிருந்தார். துணியைப் பசையில் நனைத்துச் சுற்றிக் காயவைத்து, கல் போல இறுகிய கூடு. ஒவ்வொன்றாக மாட்டி, வலந்தலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். முகம் சரியில்லை. வார்க்கட்டுக்குப் பதில் இப்போது வரும் ஸ்டீல் வளையமும் நட்டு போல்ட்டும் வைத்த தவில். ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டை முறுக்கினார். மறுபடி தட்டினார்.

“சொந்தத் தவிலா அண்ணே?” என்று கேட்டேன்.

“வாடகை அண்ணாச்சி. நம்மது கொரோனாவுல போயிருச்சு. எங்கய்யா வாசிச்சது. மூணு மாசம் அரிசி பருப்புக்கு ஆச்சு. இப்ப வாங்கிட்டுப் போனவரு வீட்டுக்குப் போயி, ரெண்டு மடங்கு தாரேன், குடுத்துருங்கன்னேன். அவரு அதை எங்கயோ தள்ளிவிட்டுட்டாரு.”

2020, 2021 இரண்டு வருஷமும் திருவிழாக்கள் முடங்கிப்போனதை நாம் மறந்திருக்கலாம். அவர்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை.

நம் பக்கம் பணமுடை என்றால் முதலில் எங்கே போவோம்? நகைக்கடனுக்குத்தானே. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதமானாலும், தீபாவளி முடிந்து பட்டாசு ஆலையில் வேலை இல்லாத நாட்களானாலும், கம்மலும் செயினும் போகும், வரும். 2018 அக்டோபரில் பட்டாசு பற்றிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தபோது, சிவகாசி, சாத்தூர் வீடுகளில் பலவற்றைத் தாங்கிப் பிடித்தது பீரோவில் இருந்த அந்த நாலைந்து பவுன்தான்.

ஆனால் எந்த வங்கி ஆர்மோனியத்தை அடகு பிடிக்கிறது? எந்த அடகுக் கடையில் தவிலுக்குச் சீட்டு எழுதித் தருகிறார்கள்? வாத்தியத்தின் பேரில் கடன் வாங்க வழியில்லை. அதனால் நெருக்கடி வந்தால் அதை விற்கத்தான் முடிகிறது. அதுவும் வந்த விலைக்கு. நகை ஏலத்தில் போனாலும், நாளைக்குக் கையில் காசு சேர்ந்தால் அதே எடைக்கு இன்னொன்று வாங்கிவிடலாம். தங்கத்துக்குத் தங்கம் ஒன்றுதான். வாத்தியம் அப்படியா?

ஒரு நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்கிறார்களே, 2022-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்ததே, அங்கே ஆச்சா மரத்தில்தான் கடைகிறார்கள். அதுவும் புதிதாக வெட்டிய மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற, பல காலம் ஈரம் வற்றி இறுகிய உத்தரத்தையும் தூணையும் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். அந்த மரம் கிடைப்பதே இப்போது அரிது. அப்படி வந்த குழலை இருபது வருஷம் ஒருவர் ஊதிப் பழகியிருக்கிறார். எந்தத் துளையில் எவ்வளவு விரல் தூக்கினால் எந்தச் சுரம் நிற்கும் என்பது அவருக்கும் அந்தக் குழலுக்கும்தான் தெரியும். அதை இரண்டு மாத வீட்டு வாடகைக்காகக் கொடுத்துவிட்டால், பிறகு லட்சம் ரூபாயோடு போனாலும் அந்தக் குழல் எங்கே கிடைக்கும்?

ஆர்மோனியத்தின் கதி இன்னும் மோசம். நம் விருதுநகர் மாவட்டம் நாடகத்தில் ஊறிய மாவட்டம். மேடையிலேயே பாடி, மேடையிலேயே 1940-ல் உயிர்விட்ட விஸ்வநாத தாஸ் பிறந்தது சிவகாசியில். வில்லிசையில் பேர் வாங்கிய பிச்சைக்குட்டி சாத்தூர்க்காரர். அந்தக் காலத்து நாடகக் குழுக்களில் இருந்த கால் ஆர்மோனியப் பெட்டிகள் இன்று எத்தனை வீட்டில் இருக்கின்றன? பழைய இரும்புக் கடையில் பெட்டியைப் பிளந்து, உள்ளே இருக்கும் பித்தளை ரீடுகளைத் தனியாகப் பிடுங்கி, எடைக்குப் போடுகிறார்கள். ஆர்மோனியக்காரர்கள் தேடி அலைகிற பழைய வெளிநாட்டு ரீடுகளும் அந்தத் தராசில்தான் போகின்றன. மரம் விறகுக்கு. துருத்தி குப்பைக்கு. வயிறு எரிகிறது.

கிடார் விஷயத்தை மட்டும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். காலேஜில் படிக்கும்போது பையன் அடம்பிடித்து வாங்கிய சாதாரண கிடார், இன்றும் கடையில் அதே மாடல் கிடைக்கும். அதை விற்றதில் பொருள் நஷ்டம் பெரிதில்லை. ஆனால் நடப்பது என்ன? கல்யாணம் ஆகிறது, தொட்டில் கட்ட இடம் வேண்டும், “பரண்ல சும்மாதானே கெடக்கு” என்று போனில் ஒரு போட்டோ எடுத்துப் போட்டு விற்றுவிடுகிறோம். வேறு கிடார் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைக்கிறோம். எத்தனை பேர் வாங்கினார்கள்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரைமணி நேரம் வாசிக்கிற பழக்கமும் கிடாரோடு சேர்ந்து போய்விடுகிறது. “அப்பாவுக்கு கிடார் வாசிக்கத் தெரியுமா?” என்று பிள்ளைகள் நம்பாமல் கேட்கிற வீடுகள் எனக்குத் தெரியும்.

வெளிநாட்டிலும் இதே ஏக்கம்தான். பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியில் 30 பவுண்டுக்கு வாங்கிய பேஸ் கிடார் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருடு போனது. அவரிடம் இல்லாத பணமா? எத்தனை கிடார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆனாலும் அந்த ஒன்றுக்காகத் தேடல் நடந்தது. கடைசியில் ஒரு வீட்டுப் பரணில் இருந்து அது வெளியே வந்தது. அவர் கைக்குத் திரும்பிய செய்தி 2024-ல் உலகம் முழுக்கப் பேசப்பட்டது.

நம் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை சென்னையில் இருக்கிறது. இசையமைப்பாளர் ஆர்.கே.சேகர் 1976-ல் காலமானபோது மகன் ரஹ்மானுக்கு ஒன்பது வயது. வீட்டில் வருமானம் இல்லை, ஆனால் சேகர் சேர்த்து வைத்த இசைக்கருவிகள் இருந்தன. விற்றுவிட்டு, வரும் பணத்தின் வட்டியில் பிழைத்துக்கொள்ளச் சொன்னவர்கள் உண்டு. அந்தத் தாய் விற்கவில்லை. கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பத்தை ஓட்டினார். பின்னாளில் மகனின் ஸ்டூடியோவுக்குக் கருவி வாங்க வேண்டிவந்தபோது அவர் கொடுத்தது தன் நகைகளை. எது திரும்ப வரும், எது வராது என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. 1992-ல் ‘ரோஜா’ வந்தது.

எதையுமே விற்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1968-ல் இளையராஜா சகோதரர்கள் பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்குக் கிளம்பியபோது, தாயார் சின்னத்தாயம்மாள் வீட்டு ரேடியோவை விற்று 400 ரூபாயைக் கையில் கொடுத்தார். அது நல்ல விற்பனை. ரேடியோ எந்தக் கடையிலும் கிடைக்கும். அவர்களின் ஆர்மோனியத்தை விற்று வழிச்செலவுக்குக் கொடுத்திருந்தால்?

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் வாத்தியம் ஏதாவது சும்மா இருந்தால், விற்கும் முன் ஒரு மாதம் பொறுத்துப் பாருங்கள். வாசிப்பவருக்கு வாடகைக்கு விட முடியுமா என்று கேளுங்கள். விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. அங்கே தவிலும் நாகஸ்வரமும் படிக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள் இல்லை. விற்றே ஆகவேண்டும் என்றால், எடைக்குப் போடாமல் அப்படி வாசிக்கிற கைக்குக் கொடுங்கள். விலை சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை. வாத்தியத்தை இழந்து நிற்கிற கலைஞர்கள், இயல் இசை நாடக மன்றம் கருவி வாங்கத் தரும் நிதியுதவியை விசாரித்து விண்ணப்பியுங்கள். கலைஞர்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்கள் முதலில் அதை முடித்துவிடுங்கள்.

பரணில் வைப்பவர்களும் கொஞ்சம் கவனம் எடுங்கள். நம் ஊர் வெயிலில் ஓட்டுக்குக் கீழே அடுப்பு மாதிரிச் சூடு. கம்பியை முறுக்கியபடியே கிடாரைப் போட்டால் கழுத்து வளைந்துவிடும். தளர்த்திவிட்டு, கீழே அலமாரியில் வையுங்கள். ஆர்மோனியத் துருத்தியை எலியும் கரப்பானும் விடாது. மாதம் ஒருமுறையாவது திறந்து நாலு கட்டையை அழுத்துங்கள்.

அடுத்த இதழிலிருந்து ஒரு பக்கத்தை இதற்காகவே ஒதுக்குகிறோம். கொடுக்க வாத்தியம் இருப்பவர்கள், என்ன வாத்தியம், எந்த ஊர், துருத்தி கிழிந்திருக்கிறதா, தோல் தளர்ந்திருக்கிறதா என்பதை மறைக்காமல் எழுதுங்கள். தேடுகிறவர்களும் எழுதுங்கள். முக்கியமாக, 2020-லும் 2021-லும் நம் பக்கத்துக் கலைஞர்களிடம் தவிலோ பம்பையோ வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்துக்கொண்டிருந்தால், அது இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று ஒரு வரி போடுங்கள். நல்ல விலை கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் காத்திருக்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்