பிரேக் செலவு: ஒரு தாத்தாவின் கணக்கு



போன வாரம் பேரனின் மலை சைக்கிளுக்குப் பிரேக் கட்டை மாற்றக் கடைக்குப் போனேன். மெக்கானிக் தம்பி பின் சக்கரத்தைக் கழற்றி, "சார், ரிம்மைத் தொட்டுப் பாருங்க" என்றார். இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா இறக்கத்துலயே வெடிச்சிருக்கும் சார்."

வாங்கும்போது "டிஸ்க் பிரேக் வீண் செலவுடா" என்று அவனிடம் அடித்துச் சொன்னது நான்தான். இத்தனைக்கும் இயற்பியல் வாத்தியார்!

நாங்கள் இருப்பது குன்னூரில். இங்கிருந்து மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே. பையனும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோ என்றால், இறங்கி முடிப்பதற்குள் சுமார் 10 லட்சம் ஜூல் ஆற்றல் வெப்பமாகியாக வேண்டும். மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றுத்தடை ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான். சாதா பிரேக்கில் தேய்வது கட்டை மட்டுமல்ல, ரிம்மும்தான். மழைக்காலத்தில் மணல் ஒட்டிக்கொண்டால் கட்டையே உப்புத்தாள் ஆகிவிடும்.

எங்கள் தெருவில் மூன்று பையன்கள், மூன்று வித பிரேக். இரண்டு வருடச் செலவை விசாரித்து எழுதினேன். எங்கள் ஊர் விலை இது, உங்கள் ஊரில் மாறும்.

1. சாதா பிரேக் (என் பேரன்): கட்டை 8 முறை, 800 ரூபாய். ஒயர் 300. இப்போது ரிம், கம்பி, கூலி 1,800. மொத்தம் 2,900.

2. ஒயரில் இயங்கும் டிஸ்க்: பேட் 4 ஜோடி, 1,200. ஒயர் 300. மொத்தம் 1,500. பேட் தேயத் தேய அடிக்கடி திருகி டைட் செய்ய வேண்டும். அதைப் பையனே செய்கிறான்.

3. ஆயில் டிஸ்க்: பேட் 4 ஜோடி, 1,800. ஆயில் மாற்றி உள்ளே இருந்த காற்றை எடுக்க 1,200. அதற்குக் கோயம்புத்தூர் போய்வந்த செலவு 300. மொத்தம் 3,300. அதற்கு முன் மூன்று வாரம் சைக்கிள் திண்ணையில் கிடந்தது. ஆனால் பிடி என்றால் அதுதான் பிடி. ஒரு விரல் போதும்.

வாங்கும்போது மலிவாக இருந்தது ஓட்டும்போது மலிவாக இல்லை. உயர்ந்த சரக்கோ, கை வைக்க ஆள் இல்லாவிட்டால் சும்மா கிடக்கிறது. அதனால் என் கருத்து: நம் ஊர் மெக்கானிக்கால் சரிசெய்ய முடிகிற பிரேக்தான் நமக்கு நல்ல பிரேக். மலையில் இருப்பவர்களுக்கு ஒயர் டிஸ்க். காற்றெடுக்கக் கற்றுக்கொள்ளத் தயார் என்றால் ஆயில் டிஸ்க். தஞ்சாவூர் போன்ற சமவெளியில் சாதா பிரேக்கே தாராளம், ரிம்மை மட்டும் அவ்வப்போது தடவிப் பாருங்கள்.

ஆயில் பிரேக் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் பிரேக்குகளில் பலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு, பிரேக்கையே மாற்ற வேண்டிவரும். செயினுக்கு எண்ணெய் விடும்போது டிஸ்க்கில் ஒரு சொட்டும் படக்கூடாது. பேட் எண்ணெயைக் குடித்துவிட்டால் பிடிக்காது.

பெற்றோர்களுக்கு ஒன்று. "அடுத்த மாசம் மாத்திக்கலாம்" என்று பேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பேட் முழுதும் தேய்ந்தால் அதன் இரும்புத் தகடு டிஸ்க்கை அறுக்கும். 300 ரூபாயில் முடிவது அதைவிடப் பல மடங்காகும். அதுகூடப் பணம்தான். பையன் வளைவில் நிற்க முடியாமல் போனால் அதற்கு என்ன விலை போடுவது?

பேரனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "பரவால்ல தாத்தா, இனிமே நீங்க கணக்கு மட்டும் போடுங்க" என்றான்.

உங்கள் ஊரில் என்ன செலவாகிறது? கீழே எழுதுங்கள். என் கணக்கில் பிழை இருந்தால் திருத்துங்கள்.